மஸ்கெலியாவில் என் பெயரில் ஒருத்தி

முதல் நாள்: திருச்சி – கொழும்பு

அக்காவுக்கு இது முதல் விமானப் பயணம். ஜன்னலோர சீட்டை அவளுக்குக் கொடுத்தேன், ஒரு தடவைகூட வெளியே பார்க்கவில்லை. மடியில் ஒரு துணிப்பையை வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தாள். உள்ளே என்ன என்று கேட்டதற்குச் "சேலை" என்றாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. யாருக்கு, எதற்கு, ஏன் என்றெல்லாம் கேட்கிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. கேட்டாலும் பதில் வராது, அடுப்பில் என்னவோ தீய்கிறது என்று எழுந்து போய்விடுவார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அப்பா போய் 12 வருடம் ஆகிறது. அம்மா போன ஐப்பசியில் போனார்கள். 45 வயதில் ஒருத்தி தன்னை அநாதை என்று சொல்லிக்கொண்டால் சிரிப்பார்கள், ஆனால் பதினாறாம் நாள் காரியம் முடிந்து வந்தவர்களெல்லாம் பஸ் ஏறிப் போனபிறகு நீலகிரியில் பந்தலூர் வீட்டுத் திண்ணையில் நானும் அக்காவும் மட்டும் உட்கார்ந்திருந்தபோது எனக்கு வேறு வார்த்தை வரவில்லை. மறுநாள் அம்மாவின் தகரப்பெட்டியைத் திறந்தோம். சேலைகளுக்கு அடியில் பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ஒரு குடும்ப அட்டை. 1976-ல், இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு மண்டபம் முகாமில் கொடுத்தது. அப்பா பெயர், அம்மா பெயர், அப்பாயி பெயர். அப்புறம் "மகள், வயது 9" என்று என் பெயர். "மகள், வயது 5" என்று அக்கா பெயர்.

நான் பிறந்ததே 1979-ல், பந்தலூரில்.

அந்த ஒன்பது வயது 'என்' மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில் "வரவில்லை" என்று எழுதியிருந்தது. அக்காவிடம் நீட்டினேன். பார்த்தாள், கொடியில் காய்கிற துணியை எடுக்க வேண்டும் என்று வெளியே போய்விட்டாள். அன்றைக்கு மழையும் இல்லை, துணியும் ஈரம்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் வாயே திறக்கவில்லை. தை மாதத்தில் ஒருநாள் போன் செய்து, "உனக்குப் பாஸ்போர்ட் இருக்குல்ல? எனக்கும் ஒண்ணு எடுத்துக் கொடு" என்றாள். அவள் வீட்டுக்காரரிடம், அதாவது மாமாவிடம், கதிர்காமம் கோயிலுக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். மாமா இதையெல்லாம் படிக்கிற ஆள் இல்லை, அதனால்தான் தைரியமாக எழுதுகிறேன். அக்காவுக்கும் தெரியும். "எழுதிக்கோ, பேரு மட்டும் போடாதே" என்றாள்.

கொழும்பில் குடிவரவு கவுன்ட்டரில் இருந்தவர் தமிழிலேயே கேட்டார், முதல் தடவையா என்று. நான் ஆமாம் என்றேன். பக்கத்துக் கவுன்ட்டரில் அக்கா அதே கேள்விக்கு, "இல்லங்க, இங்க பொறந்தவ" என்று சொன்னது எனக்குக் கேட்டது. இத்தனை வருடத்தில் அந்த வாக்கியத்தை அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

இரண்டாம் நாள்: கோச்சி

கொழும்பு கோட்டை ஸ்டேஷனில் காலை எட்டரைக்கு உடரட்ட மெனிக்கே ரயில். முன்பதிவுப் பெட்டிகளை எல்ல என்கிற ஊருக்குப் போகிற வெளிநாட்டுப் பயணிகள் எப்போதோ பிடித்துவிட்டார்கள். எங்களுக்குக் கிடைத்தது முன்பதிவில்லாத இரண்டாம் வகுப்பு. அதிலும் பாதிப் பேர் சிவனொளிபாத மலைக்குப் போகிறவர்கள், வெள்ளை உடுப்பு, கம்பளி, சாப்பாட்டு மூட்டை. டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் வரை அங்கே சீசன், மார்ச் என்றால் கூட்டம் கேட்கவே வேண்டாம். நாவலப்பிட்டி வரை நின்றுகொண்டே வந்தோம். இறால் வைத்த வடையை "இஸ்ஸோ வடே" என்று விற்கிறார்கள், நாலு வாங்கினேன், மூன்றை நானே தின்றேன்.

ரம்புக்கனை தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் காற்று மாறியது. இடம் கிடைத்து உட்கார்ந்ததும் அக்கா திடீரென்று பேச ஆரம்பித்தாள், என் முகத்தைப் பார்க்காமல், எதிர் சீட்டில் தூங்குகிற குழந்தையைப் பார்த்துக்கொண்டு.

"இதே வழியாத்தான் எறங்கினோம். பெரியம்மா ஸ்டேஷனுக்கு வந்தாங்க. அவ வரல."

இங்கே கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் புரியாது. 1948-ல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்து ஆட்களை நாடில்லாதவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். கணக்கு 9,75,000 பேர். அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, பத்து வருடம் கழித்து அவர்களையும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் இதை ஒரு மார்க் கேள்வியாகக்கூட நான் படித்ததில்லை. லயம் என்பது தோட்டத்து ஆட்களின் வரிசை வீடு, காம்பரா என்பது அதில் ஒரு அறை. ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராவில் இருந்த அக்கா தங்கை. தங்கை வீட்டு விண்ணப்பம் இந்தியாவுக்கு, அக்கா வீட்டு விண்ணப்பம் இலங்கைக்கு. தங்கை என்பது எங்கள் அம்மா. அப்படி ஒரு பெரியம்மா எனக்கு இருந்ததே இன்றைக்குத்தான் தெரியும்.

அந்தக் காலத்தில் அட்டனிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர். ரயிலைக் கோச்சி என்பார்கள். வண்டிக்குள்ளே இருப்பவர்களும் அழுவார்களாம், பிளாட்பாரத்தில் நிற்பவர்களும் அழுவார்களாம், சாவு வீட்டு ஒப்பாரி அப்படியே. "எனக்கு அஞ்சு வயசு. எல்லாரும் அழுவுறாங்க, எனக்கு ரயில் ஏறின சந்தோசம். கையில ஒரு கிரீம் பிஸ்கட்டு. நடுவுல இருக்கிற கிரீமை மட்டும் நக்கிட்டே வந்தேன்" என்றாள் அக்கா. அங்கிருந்து ராமானுஜம் கப்பலில் ராமேஸ்வரம், மண்டபம் முகாம், கடைசியில் நீலகிரியில் டான்டீ என்கிற தமிழ்நாட்டு அரசுத் தேயிலைத் தோட்டம். 'தாயகம் திரும்பியோர்' என்பது சர்க்கார் வைத்த பெயர். பந்தலூரில் எங்களுக்கு ஊர் வைத்த பெயர் சிலோன்காரங்க.

மதியம் இரண்டரை சுமாருக்கு ஹட்டன். பலகையில்தான் ஹட்டன், எல்லார் வாயிலும் அட்டன். இறங்கியதும் அக்கா பிளாட்பாரத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஒரு நடை நடந்துவிட்டு வந்தாள். "சின்னதா இருக்கு" என்றாள்.

மூன்றாம் நாள்: ஊருக்கே தெரியும்

அட்டனிலிருந்து மஸ்கெலியாவுக்குத் தனியார் பஸ். டிக்கோயா, நோர்வூட் வழியாக வளைந்து வளைந்து போகிறது. பஸ் நிறைய இளையராஜா. பந்தலூரிலிருந்து சேரம்பாடி போவது போலவே இருந்தது, அதே பச்சை, அதே குளிர், அதே வாந்தி. ஒரு வித்தியாசம், இங்கே தேயிலைக்கு நடுவே வரிசையாக லயங்கள், சிலது வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடங்கள், தகரக்கூரையில் காற்றுக்குப் பறக்காமல் இருக்கக் கல்லும் பழைய டயரும் வைத்திருக்கிறார்கள்.

இப்போது இருக்கிற மஸ்கெலியா புதுசு. பழைய ஊர் 1969-ல் மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்கு அடியில் போய்விட்டது. தண்ணீர் ரொம்ப வற்றினால் பழைய முருகன் கோயில் வெளியே தெரியும் என்று பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் சொன்னார். ஆசையாகப் போய்ப் பார்த்தேன். தண்ணீர்தான் இருந்தது. கரையில் ஒருத்தர் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்.

எப்படி விசாரிப்பது என்று ராத்திரியெல்லாம் யோசித்து ஒரு பொய் தயார் செய்து வைத்திருந்தேன். தூரத்துச் சொந்தம், ஒரு கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தோம், இப்படி. பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் வெற்றிலைக் கடை போட்டிருந்த அம்மாவிடம் தோட்டத்தின் பெயரைச் சொல்லி ஆரம்பித்தேன். அவர் என்னைக் கவனிக்கவே இல்லை. பாக்குவெட்டியைக் கீழே வைத்துவிட்டு அக்காவை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ அந்த ரெண்டாவது புள்ளதானே? கடுதாசி போடுவியே."

அக்கா தலையை ஆட்டினாள். நான் பொய்யை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"இவ யாரு?"

"தங்கச்சி. அங்க போய்ப் பொறந்தவ."

"அட, பேரு வெச்சாங்களே, அந்தப் புள்ளையா!" என்று என் தாடையைத் தொட்டார். வெற்றிலை வாசனை. பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு, இன்னாரோட தங்கச்சிகள் இந்தியாவிலிருந்து வந்திருக்காங்க என்றார். அவருக்கும் தெரிந்திருந்தது. ஆட்டோக்காரருக்கு முப்பது வயதுகூட இருக்காது, அவருக்கும் தெரிந்திருந்தது. நாங்கள் கூப்பிடவே இல்லை, நாளைக் காலையில் எட்டு மணிக்கு வந்து ஏற்றிக்கொள்கிறேன் என்று அவராகவே சொல்லிவிட்டுப் போனார். அட்டையில் கோடு போட்டு அடித்த அந்த ஒன்பது வயதுப் பிள்ளை, என் பெரியக்கா, இருக்கிறாள். உயிரோடு இருக்கிறாள். அதே தோட்டத்தில். இதையும் அந்த ஆட்டோக்காரர்தான் எனக்குச் சொன்னார்.

ஆக, 45 வருடம் எங்கள் வீட்டில் பொத்திப் பொத்தி வைத்த ரகசியம் மஸ்கெலியா பஸ் நிறுத்தத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. தெரியாதவள் உலகத்திலேயே நான் ஒருத்திதான்.

ராத்திரி லாட்ஜில் சண்டை. கடிதமா, எத்தனை கடிதம், எத்தனை வருடமாக? அக்கா சொல்லவில்லை. நான் கத்தினேன். அம்மா மறைத்ததுகூட எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை, அவர்களுக்கு என்ன கஷ்டமோ. ஆனால் நீயும் நானும் ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள், எனக்கு முதல்முதலாகத் தூரம் வந்ததை அம்மாவுக்கு முன்னால் உன்னிடம் சொன்னேன், நீ எப்படி என்று கேட்டேன். அவள் குளியலறைக்குள் போய் என் சட்டையைத் துவைக்க ஆரம்பித்தாள். நான் கேட்கவே இல்லை. அந்தக் குளிரில் அது காயவும் இல்லை, இதோ, நாற்காலியில் சொட்டிக்கொண்டிருக்கிறது.

நான்காம் நாள்

எதுவும் எழுத முடியவில்லை. நாளைக்கு.

ஐந்தாம் நாள்: இஸ்தோப்பு

நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன்.

லயத்துக்கு முன்னால் ஒரு ஒடுங்கலான திண்ணை இருக்கும், அதை இஸ்தோப்பு என்கிறார்கள். எங்கள் வீட்டிலும் அம்மா திண்ணையை இஸ்தோப்பு என்றுதான் சொல்வார்கள், பள்ளிக்கூடத்தில் நான் அப்படிச் சொல்லி எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். அங்கே ஒரு அம்மா உட்கார்ந்து ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். கோதுமை மாவும் தேங்காய்த் துருவலும். எங்களைப் பார்த்ததும் எழவில்லை. "கையில மாவு. உள்ள வாங்க" என்றார். அவ்வளவுதான். கட்டிப்பிடித்து அழுவதற்கெல்லாம் தயாராகப் போயிருந்தேன், எங்கே நிற்பது என்றே தெரியவில்லை.

முகம் அம்மாவைப் போல் இல்லை. அப்பாயி போல. ஆனால் உருண்டையைத் தட்டி முடித்து, கல்லில் போடுவதற்கு முன்னால், நடுவில் கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கினார். பந்தலூரில் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அம்மா செய்கிற ரொட்டியிலும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கும். மிளகாய் அரைத்த கட்டசம்பலை அந்தப் பள்ளத்தில் வைத்துத் தின்போம். சரி, பெரியம்மா வழியாக வந்திருக்கும், அக்கா தங்கை இருவருக்கும் ஒரே அடுப்புதானே. அப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டாலும் அதற்குப் பிறகு முதல் ரொட்டி தொண்டையில் இறங்கவில்லை.

பெரியக்காவுக்கு 58 நடக்கிறது. பதினாறு வயதில் கொழுந்து எடுக்கப் போனவர், போன வருடத்தோடு நின்றுவிட்டார். அவர் வீட்டுக்காரர் இல்லை. மகன் கொழும்பில் கடையில் வேலை. மகள் இதே தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்கிறாள், நாங்கள் போன 2025-ல் நாள் சம்பளம் 1350 ரூபாயாக இருந்தது, இலங்கை ரூபாயில். நம் ஊர்க் கணக்கில் சுமார் 400தான் வரும். அதுவும் அவர்கள் சொல்கிற கிலோ எடுத்தால்தான் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம், இல்லாவிட்டால் அரைப் பேர். பேத்தி சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள், நம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மாதிரி. அவள் என்னையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேச்சு வரவில்லை என்றதும் பெரியக்கா உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்தார். மேலே ஒரு அடையாள அட்டை. "இது கிடைச்சப்ப எனக்கு 37 வயசு" என்றார். அதுவரை? எதுவும் கிடையாது. அப்பா போட்ட இந்திய விண்ணப்பத்தில் அவர் பெயரும் இருந்ததால் காகிதத்தில் அவர் இந்தியாவுக்குப் போகவேண்டிய ஆள். இருந்தது மஸ்கெலியாவில். 1983 கலவரம், அடுத்த வருடம் கப்பலும் நின்றுபோனது, அப்படிப் பாதியில் நின்றவர்கள் ஆயிரக்கணக்கில். 2003-ல் சட்டம் வந்த பிறகுதான் பிரஜாவுரிமை, ஓட்டு எல்லாம். "மண்டபத்துல என் பேரை அடிச்சிட்டாங்க. இங்க என் பேரை எழுதவே இல்ல. ஆனா செக்ரோலுல மட்டும் ஒருநாள் தவறாம எழுதினாங்க" என்று சிரித்தார். செக்ரோல் என்பது தோட்டத்து வேலைப் பதிவேடு.

அட்டைக்குக் கீழே கடிதங்கள். எல்லாம் நீல நிற ஏரோகிராம். லயத்துக்கென்று தனி முகவரி கிடையாது, தோட்ட ஆபீசுக்கு வந்து, அங்கே கிடந்து, யாராவது மனசு வைத்தால் கைக்கு வரும். 31 கடிதம் வந்து சேர்ந்திருக்கிறது. எத்தனை போட்டாய் என்று அக்காவைப் பார்த்துக் கேட்டார். அக்கா, "தெரியல, அம்பது இருக்கும்" என்றாள். முதல் கடிதத்தை என் கையில் கொடுத்தார். கோடு போடாத தாளில் மேலே ஏறிப்போகிற எழுத்து, எட்டு வயது அக்காவின் கையெழுத்து:

"அன்புள்ள அக்காவுக்கு. நமக்குத் தங்கச்சி பிறந்திருக்கிறாள். உன் பெயரை அவளுக்கு வைத்து விட்டார்கள். நீ கோபப்படாதே. நான் வேண்டாம் என்று தான் சொன்னேன்."

"நானும் பதில் போட்டேன், என் பேரைத் திருப்பிக் குடுத்துருங்கன்னு" என்றார் பெரியக்கா. அவர் சிரிக்க, நானும் சிரிக்க, எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. அக்கா அங்கே இல்லை. பின்பக்கம் தண்ணீர் விழுகிற பீலியில் அவர்கள் வீட்டுப் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசிக் கடிதம் 1993. அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமான வருடம். இனி இந்த விலாசத்துக்கு எழுத வேண்டாம் என்று ஒரே வரி. மாப்பிள்ளை வீட்டார் உள்ளூர்க்காரர்கள். சிலோன்காரப் பெண் என்பதையே யோசித்துத்தான் சம்மதித்தார்கள். ஒரு பிள்ளையை அங்கேயே விட்டுவிட்டு வந்த குடும்பம் என்று தெரிந்தால் என்ன ஆகும் என்று அம்மாவுக்குப் பயம். வீட்டில் பெண் பிள்ளைகள் இரண்டுபேர்தான் என்று சொல்லிக் கொடுத்தார்கள். 32 வருடமாக மாமாவுக்கு இரண்டுபேர்தான்.

சேலையை அக்கா கடைசிவரை கொடுக்கவில்லை. கிளம்பும்போது இஸ்தோப்பில் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

ஆறாம் நாள்: கடைக்கணக்கு

ஏன் விட்டுவிட்டு வந்தார்கள்? இதைக் கேட்காமல் போகக்கூடாது என்று இன்று மறுபடி போனோம். பெரியக்கா அந்தச் சேலையைக் கட்டியிருந்தார். பச்சை. நல்ல எடுப்பாக இருந்தது, யாரும் அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அக்காவுக்கு அம்மா சொன்னது: பெரியம்மாவுக்குப் பிள்ளை இல்லை, துணைக்குக் கொஞ்ச நாள் இருக்கட்டும், அடுத்த கப்பலில் அழைத்துக்கொள்ளலாம். பெரியம்மா உயிரோடு இருந்தபோது பெரியக்காவுக்குச் சொன்னது: நீதான் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு போகமாட்டேன் என்று அழுதாய். பெரியக்கா சொல்வது வேறு. "நான் எங்க அழுதேன்? அன்னிக்கு நான் ஸ்டேஷனுக்கே போகல. பிள்ளைக் காம்பராவுல சின்னப் புள்ளைகளுக்குப் பால் கலக்கிக்கிட்டு இருந்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தா நம்ம காம்பராவுல பூட்டு."

அப்புறம் ஒரு கடைக்கணக்கு இருந்திருக்கிறது. 1974 பஞ்சம். மாவுக்கும் அரிசிக்கும் தட்டுப்பாடு, தோட்டத்தில் ஆட்கள் கிழங்கையும் கீரையையும் தின்று சமாளித்த வருடம். எங்கள் ஆட்கள் கடையில் வாங்கித் தின்ற கடன் ஏறிப்போனது. கடனை அடைக்காமல் கிளம்ப முடியாது. பெரியப்பா அடைத்தார். "அவரு கடனை அடைச்சாரு. அம்மா என்னைய விட்டுட்டுப் போச்சு. ரெண்டும் நடந்துச்சு. அதுக்காகத்தான் இதுவான்னு நான் பெரியப்பாகிட்ட கேட்டதே இல்ல. நல்லா வச்சிருந்தாரு என்னைய."

எவ்வளவு கடன் என்று கேட்டேன். சொன்னார். இங்கே எழுத மனசு வரவில்லை. நான் நேற்று ஆட்டோவுக்குக் கொடுத்ததைவிடக் குறைவு.

அக்கா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "எனக்குத் தெரியும்" என்றாள். அந்தக் கடன் பேச்சும் அவளுக்குத் தெரியுமாம், கப்பலில் அம்மாவும் அப்பாயியும் பேசிக்கொண்டதைக் கேட்டிருக்கிறாள், அஞ்சு வயதில். யாரும் எதுவும் சொல்லவில்லை. கொஞ்சநேரம் கழித்துப் பெரியக்கா, "அந்த டீயக் குடி, ஆறுது" என்றார், அதட்டலாக. அக்கா குடித்தாள். இந்தப் பயணத்தில் அவள் எழுந்து எங்கேயும் போகாமல் உட்கார்ந்திருந்தது அந்த ஒரு தடவைதான்.

பேத்தி என் நம்பரைப் போனில் பதிந்தாள். என் பெயரை அடித்தால் அவளுடைய அம்மாச்சி நம்பர்தான் வருகிறது. கொஞ்சம் யோசித்துவிட்டு 'அம்மாச்சி 2' என்று போட்டுக்கொண்டாள்.

ஏழாம் நாள்: இறக்கம்

அக்கா என்னோடு வரவில்லை. விசா 30 நாள் இருக்கிறது, இன்னும் ஒரு வாரம் இருந்துவிட்டு வருகிறேன் என்று நேற்று ராத்திரியே பெட்டியை லயத்துக்கு மாற்றிவிட்டாள். எனக்கு லீவு முடிகிறது. அட்டன் ஸ்டேஷனுக்கு இரண்டுபேரும் வந்தார்கள். இரண்டு கிலோ தேயிலைத்தூள், ஒரு பொட்டலம் மாசிக் கருவாடு, நியூஸ் பேப்பரில் சுற்றிய பத்து ரொட்டி. டீத்தோட்டத்தில் வளர்ந்தவளுக்கு டீத்தூளா என்றேன். "இது வேற" என்றார் பெரியக்கா.

வண்டி நகரும்போது யாரும் அழவில்லை. அக்கா ஜன்னலோடு கூட நடந்து வந்தாள், என்னவோ சொல்லப்போகிறாள் என்று கையை நீட்டினேன். "மாமாகிட்ட நீயே சொல்லிரு" என்றாள்.

"எதை?"

"எல்லாத்தையும்."

அவ்வளவுதான், நின்றுவிட்டாள். 49 வருடம் அவள் சுமந்ததை ரொட்டிப் பொட்டலத்தோடு சேர்த்து என் மடியில் போட்டுவிட்டாள். கோபம் வந்தது, இப்போதும் இருக்கிறது. ரொசல்லை வருவதற்குள் மாமா மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார், கதிர்காமத்தில் கூட்டம் எப்படி என்று வாட்ஸாப்பில் வேறு கேட்டிருக்கிறார். நாலாவது தடவை அடித்ததும் எடுத்தேன். "மாமா, ஒரு விஷயம் சொல்லணும், பக்கத்துல யாரும் இருக்காங்களா" என்று ஆரம்பித்தேன். வட்டவளைக்கு முன்னால் ஒரு சுரங்கம். சிக்னல் போய்விட்டது.